பதினாறாவது மாகாணம்

கவென்ட்ரி
11 ஜனவரி 1982

சதுப்பு நாட்டு அரசர் அவர்களுக்கு,

வடகரை அரசன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடிபடைகளும் நலம்தானே?

அண்டை நாட்டு அரசனுக்கு முதல் மாதமே இப்படி ஒரு கடிதம் போட வேண்டும் என்று ஆட்டத்தை நடத்தும் பெட்டிஃபர் அனுப்பிய விதிப் புத்தகத்தில் இருக்கிறது. தபாலில் ஆடுகிற ஆட்டத்துக்கு நான் புதுசு. மாதம் ஒரு முறை படைகளுக்கான ஆணைகளைத் தாளில் எழுதி இப்ஸ்விச்சுக்கு அனுப்பிவிட்டு, யார் எதைப் பிடித்தார்கள் என்று அவர் சொல்லும்வரை காத்திருப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பொழுது போக வேண்டுமே என்று சேர்ந்தேன்.

ஏழு ராஜாக்களின் பட்டியல் போன வாரம் வந்தது. மூன்றாவது பெயர் 'நெ. ஆல்டர்சன், கிரிம்ஸ்பி'. ஐரீனிடம் காட்டினேன். "உங்க தம்பிதான். அந்த ஊர்ல எத்தனை நெவில் ஆல்டர்சன் இருக்கப் போறாங்க? எழுதுங்க, ஆறு வருஷம் ஆச்சு" என்றாள். சீட்டுக் குலுக்கியதில் நம் இருவருக்கும் நடுவில் ஓர் ஆறு மட்டும் விழுந்திருக்கிறது. அதை நான் தாண்டவில்லை, நீயும் தாண்டாதே. சம்மதமா?

எனக்கு முதுகுவலி விட்டுவிட்டு வருகிறது. மற்றபடி குறையில்லை. உன் உடம்பு எப்படி?

டெரிக்

*

கிரிம்ஸ்பி
2 பிப்ரவரி 1982

வடகரை அரசர் சமூகத்துக்கு,

தங்கள் ஓலை கிடைத்தது. சதுப்பு நாட்டில் ஈரம் அதிகம். மற்றபடி அரசனும் நலம், தவளைகளும் நலம். தங்கள் முதுகுவலி தீரப் பிரார்த்திக்கிறோம்.

ஆற்று ஒப்பந்தத்துக்குச் சம்மதம். ஆட்டத்துக்குப் புதியவர் என்பதால் ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இது நான் ஆடும் ஐந்தாவது ஆட்டம். பதினாறு மாகாணம் சேர்த்தால் வெற்றி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அதை நம்பி எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டே போவார்கள். பத்தைத் தாண்டினால், எல்லையில் நிற்கும் படைக்குத் தானியம் போய்ச் சேருமுன் வண்டிமாடே பாதியைத் தின்றுவிடும். அடுத்து, பசித்த படை கலையும். நான் ஆறோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன். ஆறைப் பாதுகாத்தபடி மற்றவர்கள் வயிறு வெடிக்கும்வரை காத்திருப்பேன்.

தங்களால் நிறுத்த முடிகிறதா என்று பார்ப்போம். அந்தப் பழக்கம் தங்களுக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது.

சதுப்பு நாட்டான்

*

கவென்ட்ரி
8 மார்ச் 1982

அன்புள்ள நெவில்,

நலம். நலமறிய ஆவல். ராஜா வேஷம் போதும், பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

எட்டு மாகாணம் ஆகிவிட்டது. தெற்கே லீட்ஸ்காரன் ஒருவன் இரண்டு மாதமாக ஆணையே அனுப்பவில்லை. காவலில்லாமல் கிடந்ததை எடுத்துக்கொண்டேன். நீ சொன்ன தானியக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் ஓர் இடம் சும்மா கிடந்தால் எப்படிப்பா பார்த்துக்கொண்டிருப்பது? நான் எடுக்காவிட்டால் பிரிஸ்டலிலிருந்து ஆடும் அந்தப் பல் வைத்தியர் எடுத்துவிடுவார். அந்த ஆள் உனக்குக் கிழக்கே படை சேர்க்கிறார். ஜாக்கிரதை.

சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம் விரித்திருக்கிறேன். "ராஜா சாப்பிடணும்னா ரெண்டு மாகாணத்தை நகர்த்தி வைக்கணும்" என்கிறாள் ஐரீன். அம்மா இருந்தபோது இந்த மேஜையின் சன்னல் பக்கத்தில்தான்

தெற்கே இன்னும் இரண்டு இடம் பாக்கி இருக்கிறது. எடுக்கலாமா, வேண்டாமா? உன் யோசனையைச் சொல்.

நீ இன்னும் கடலுக்குப் போகிறாயா? ஒன்றுமே எழுதவில்லையே.

டெரிக்

*

கிரிம்ஸ்பி
4 ஏப்ரல் 1982

அண்ணா,

நலமாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் நலமென்று நினைக்கிறேன். கடலுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. எங்கள் கப்பலை உடைக்க விற்றுவிட்டார்கள். துறையில் மீன் அறுக்கிறேன். ஐஸ் தண்ணீரில் விரலெல்லாம் வெடித்திருக்கிறது, கையெழுத்து மோசமாக இருந்தால் அதுதான் காரணம்.

எடுக்காதே. எடுப்பதற்கு முன் ஒரு கதை கேள். நார்வேக்கு மேலே ஒரு தடவை மீனறை முக்கால்வாசி நிறைந்துவிட்டது. காற்று திரும்பி, கயிற்றிலும் கம்பியிலுமெல்லாம் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்தது. திரும்பலாம் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. "இன்னும் ஒரே ஒரு வலைடா, போட்டுட்டுப் போயிடுவோம்" என்றார் கேப்டன். போட்டோம். நல்ல மீன். "இன்னொண்ணு" என்றார். அதற்குள் மேல்பாரம் ஏறிக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிராமல் நின்றது. பதினாலு மணி நேரம் கோடாரியால் பனிக்கட்டியை வெட்டினோம். கடைசியில் மீனைக் கடலில் கொட்டிவிட்டுத்தான் வந்தோம். அந்த ஆள் பேராசைக்காரர் இல்லை. எப்போது நிறுத்துவது என்று தெரியாது, அவ்வளவுதான்.

நீ மேஜையைப் பற்றி எழுதிய வரி பாதியில் நிற்கிறது. அதை நாலைந்து தடவை படித்தேன். ஆறு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா?

நெவில்

*

கவென்ட்ரி
3 மே 1982

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். கைக்கு வாஸலின் தடவு, ஐரீன் சொல்லச் சொன்னாள். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ எழுதியதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஆனாலும் தெற்கு இரண்டையும் எடுத்துவிட்டேன். கூடவே மலைப்பக்கம் ஒன்று. இப்போது பதினொன்று. தானியம் இழுபறிதான். ஆற்றோரம் களஞ்சியம் ஒன்று கட்டினால் சமாளிக்கலாம். பல் வைத்தியரின் நான்கு படை உன் கோரைத்தீவுக்கு எதிரே நிற்பதை, பெட்டிஃபர் அனுப்பும் மாதத் தாளில் பார்த்தாயா? உன்னிடம் இருப்பது இரண்டுதான். பயப்படாதே, நான் இருக்கிறேன்.

மற்ற விஷயங்களை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம்.

டெரிக்

*

கிரிம்ஸ்பி
6 ஜூன் 1982

அண்ணா,

நலம். நீ சொன்னபடியே கோரைத்தீவு போய்விட்டது. இனி ஐந்து. இந்த மாதம் அவர் ஆற்றுத்துறைக்கு வருவார். 'நான் இருக்கிறேன்' என்றாயே, உன் இரண்டு படை ஆற்றைத் தாண்டித் துறையில் வந்து நின்றால் போதும், அவர் திரும்பிவிடுவார். பின்பு ஒப்பந்தப்படி உன் படை ஆற்றைத் தாண்டித் திரும்பிப் போகட்டும். வந்து நின்றுவிட்டுத் திரும்புவது மட்டும்தான், வேறொன்றும் வேண்டாம்.

ஏப்ரலில் ஒன்று கேட்டிருந்தேன். நேரில் பார்க்கும்போது என்று எழுதியிருக்கிறாய். நாம் எப்போது நேரில் பார்த்தோம், டெரிக்?

நெவில்

*

கவென்ட்ரி
12 ஜூலை 1982

அன்புள்ள நெவில்,

நலம். மாதத் தாளைப் பார்த்துவிட்டு நீ கோபப்பட்டிருப்பாய். கொஞ்சம் பொறுமையாகப் படி.

துறையில் இரண்டு படையை நிறுத்தினால் போதாது என்று எனக்குப் பட்டது. அந்த ஆள் தந்திரக்காரர், வடக்கே சுற்றி வந்துவிட்டால்? அதனால்தான் துறை, புல்வெளி, பழைய கோட்டை மூன்றிலும் என் படையை வைத்துவிட்டேன். எடுத்துக்கொண்டதாக நினைக்காதே, பத்திரமாக வைத்திருக்கிறேன். உன்னிடமே விட்டிருந்தால் இந்நேரம் பல் வைத்தியர் வாயில் போயிருக்கும். இப்போது அவர் பின்வாங்கிவிட்டார், பார்த்தாயா!

திருப்பித் தருவதில்தான் ஒரு சிக்கல். என்னிடம் இப்போது பதினான்கு. படைகளைப் பின்னால் கொண்டுவந்தால் வழியில் தானியமில்லாமல் பாதி கலைந்துவிடும். புதுக் களஞ்சியம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம்.

ஐரீன் உன்னை விசாரித்தாள். பதில் எழுது.

டெரிக்

*

கிரிம்ஸ்பி
29 ஆகஸ்ட் 1982

வடகரை அரசருக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. மன்னிக்கவும்.

பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எழுபத்தாறாம் வருஷம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி கப்பல் துறைக்கு வந்தது. இருபத்தொரு நாள் கடலில் இருந்துவிட்டு வருகிறேன். வீட்டுக் கதவில் வேறு பூட்டு. எதிர் வீட்டு மிசஸ் கோல் ஓடி வந்தாள். "உங்க அண்ணன் வண்டி கொண்டாந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டாருப்பா. 'மூச்சு விடவே முடியல, இங்க யாரு பாத்துக்குவா'ன்னாரு. சாவியையும் வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்துட்டாரு. உனக்கு யாருமே சொல்லலியா?" என்றாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். நீ அம்மாவைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

என் சட்டைகளை இரண்டு பெட்டியில் அடுக்கி அவள் வீட்டில் வைத்திருந்தாய். பெட்டி மேலே என் பெயர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

கப்பலில் ரேடியோ இருந்தது, டெரிக். துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்திருக்கும்.

மீதி இரண்டையும் எப்போது பத்திரப்படுத்தப் போகிறாய்?

நெவில் ஆல்டர்சன்

*

கவென்ட்ரி
20 செப்டம்பர் 1982

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பையாவது பார்த்துக்கொள். உன் கடிதம் வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிறுத்திவிட்டேன். பதினான்கோடு நிறுத்திவிட்டேன். உன்னிடம் இருக்கும் இரண்டும் சேர்ந்தால் பதினாறு, ஆட்டம் முடிந்தது. என் பத்துப் படை உன் வாசலில் நிற்கிறது. ஆனால் தொட மாட்டேன். போன மாதம் எல்லாப் படைக்கும் 'நில்' என்றுதான் எழுதினேன். இந்த மாதமும் அப்படித்தான். பல் வைத்தியர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், "வாய்க்கிட்ட வந்ததைத் தின்னாம வச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்களே, பல்லு வலியா?" என்று கேலி செய்து எழுதியிருக்கிறார். எழுதிவிட்டுப் போகட்டும்.

காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உன்னை எடுத்துவிட்டால் நமக்கு நடுவில் எல்லை இருக்காது. எல்லை இல்லாவிட்டால் நீ எனக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. இந்த ஒன்பது மாதத்தில் நீ எழுதிய நான்கு கடிதமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நான் இழக்க விரும்பாதவை அவை மட்டும்தான். நாம் இப்படியே நின்றுகொண்டிருக்கலாம்.

களஞ்சியம் முடிந்துவிட்டது. புல்வெளியை அடுத்த மாதம் திருப்பித் தர முயல்கிறேன்.

டெரிக்

*

கிரிம்ஸ்பி
3 அக்டோபர் 1982

அண்ணா,

நலம். உன் கடிதத்தைக் கோபமில்லாமல் படித்தேன், நம்பு. எல்லையைப் பற்றி நீ எழுதியது பொய்யில்லை என்று தெரிகிறது.

ஆனால் எனக்குப் பிச்சை வேண்டாம். நீ விட்டுவைத்ததால் நான் அரசனாக இருக்கிறேன் என்றால், அது உன் பதினைந்தாவது, பதினாறாவது மாகாணம் தவிர வேறென்ன? இந்த ஆட்டத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது. புல்வெளியும் வேண்டாம். எதிரியாக நினைத்து நேராக வா. என் இரண்டு படையும் நின்று சண்டை போடும். தோற்றால் தோற்றேன், உன்மேல் வருத்தம் இருக்காது. எப்போது நிறுத்துவது என்று உனக்குத் தெரியாது என்று ஏப்ரலில் எழுதினேன். தப்பு. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துகிறாய். என் கேள்விக்கு முன்னால் வந்து வந்து நின்றுவிடுகிறாயே, அதைச் சொல்கிறேன்.

அதற்கு மட்டும் பதில் எழுது. கேட்டாள் என்றால் கேட்டாள் என்று எழுது. இல்லையென்றால் இல்லை. எதுவானாலும் தாங்குவேன்.

துறையில் ஆட்குறைப்பு. இந்த மாதம் முப்பதாம் தேதி வரைதான் இந்த வீடு. பிறகு எங்கே போகிறேன் என்பதை உன் பதில் வந்ததும் சொல்கிறேன். நல்ல பதிலோ கெட்ட பதிலோ, நிஜமாக இருந்தால் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். பதிலே வராவிட்டால், நீ இன்னும் தானியத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நெவில்

*

கவென்ட்ரி
18 அக்டோபர் 1982

என் தம்பி நெவிலுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

கேட்டாள். வந்த நாளிலிருந்து தினமும் கேட்டாள். சன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "கப்பல் வந்துடுச்சாடா?" என்பாள். "நாளைக்கு வரும்மா" என்பேன். இங்கிருந்து கடல் நூறு மைல். அவளுக்கு அது தெரியவில்லை.

டாக்டர் இரண்டாம் நாளே, "இன்னொரு பிள்ளை இருக்காராமே, தகவல் சொல்லிடுங்க" என்றார். துறை அலுவலகத்தின் எண் என் சட்டைப் பையில் இருந்தது. ஐரீன் மூன்று தடவை போனைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். நான் போடவில்லை. மறந்துபோகவில்லை, நெவில். வேண்டுமென்றுதான் போடவில்லை. நீ வந்தால் அவள் எழுந்து உன்னோடு கிரிம்ஸ்பிக்குக் கிளம்பிவிடுவாள் என்று பயந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அம்மா என் வீட்டில் தங்கியது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசி இரண்டு நாள் அவளுக்குக் கண் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெவிலா?" என்றாள். "ஆமாம்மா. நான்தான். கப்பல் வந்துடுச்சு" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் போனாள். அது உனக்கு வர வேண்டியது. அதையும் நான்தான் எடுத்துக்கொண்டேன். மாகாணங்களைத் திருப்பித் தரலாம். இதை எப்படித் திருப்பித் தருவது?

என்னை மன்னித்துவிடு. இதை ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

நீ கேட்டபடியே இந்த மாதம் நேராக வருகிறேன், பத்துப் படையோடும். ஆணைத்தாளும் எழுதி முடித்துவிட்டேன், இரண்டும் ஒரே தபாலில் போகின்றன. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, அவசரத்தில் உறை மேலே எழுதியது கோணலாக இருக்கும். ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் சரி, கிறிஸ்துமஸுக்கு வா. ஐரீன் வாத்து வாங்கச் சொல்லிவிட்டாள்.

உன் அண்ணன்
டெரிக்

*

இப்ஸ்விச்
1 நவம்பர் 1982

மதிப்புக்குரிய திரு. டெரிக் ஆல்டர்சன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என நம்புகிறேன். முதற்கண் என் மனமார்ந்த வாழ்த்துகள்! பதினாறு மாகாணங்களுடன் தாங்கள் வெற்றி பெற்றுள்ளீர்கள். இறுதித் தாளை இத்துடன் இணைத்துள்ளேன்.

சிறு குழப்பம் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். தங்கள் பெயரிட்டு எனக்கு வந்த உறையில் ஆணைத்தாள் இல்லை, தங்கள் சகோதரருக்கு எழுதிய கடிதம் இருந்தது. உறைகள் மாறிவிட்டன போலும். எல்லா உறைகளையும் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைதான் பிரிப்பேன் என்பது தாங்கள் அறிந்ததே. ஒருவர் திட்டம் முன்கூட்டியே என் கண்ணில் படக் கூடாது என்பதற்காகப் பதினொரு வருடங்களாக அப்படித்தான் செய்து வருகிறேன். முதல் இரண்டு வரிகளுக்கு மேல் படிக்கவில்லை.

தங்கள் ஆணைத்தாள் வீணாகவில்லை. அது தங்கள் சகோதரரிடம் போயிருக்கிறது. அவர் அதைக் கெடுவுக்குள் எனக்கு அனுப்பிவிட்டார். தங்கள் பத்துப் படைகளும் வரும் வழியெல்லாம் அதில் இருந்தும், தாம் ஏற்கெனவே அனுப்பியிருந்த ஆணையை அவர் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. இத்தனை ஆட்டங்கள் நடத்தியும் இப்படியொரு நேர்மையை நான் கண்டதில்லை. அவருடைய குறிப்பைத் தாங்களும் பார்க்க வேண்டும் என்பதால் கீழே தருகிறேன்:

"ஐயா, என் அண்ணனின் ஆணைத்தாள் உறை மாறி என்னிடம் வந்துவிட்டது. எனக்கு அவர் எழுதிய கடிதம் உங்களிடம் வந்திருக்குமோ என்று நினைக்கிறேன். வந்திருந்தால் தயவுசெய்து உடனே அனுப்புங்கள். முப்பதாம் தேதி வரை இந்த வீட்டில் இருப்பேன். தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்கிறேன். அப்படி ஒன்றும் வரவில்லையென்றால், அவர் எழுதவில்லை என்று புரிந்துகொள்வேன்."

இந்தக் குறிப்பு இருந்த உறையையும் மற்றவற்றோடு சேர்த்து இருபத்தொன்பதாம் தேதி மாலைதான் பிரித்தேன். தவிர, ஆட்டக்காரர்களின் கடிதங்களை நான் கைமாற்றுவதில்லை, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவேன் என்பது ஒன்பதாம் விதி. எனவே தங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

கடைசியாக ஓர் உதவி. இறுதித் தாளின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பியாக வேண்டும். அவரது புதிய முகவரி என்னிடம் இல்லை. சகோதரர் என்பதால் தங்களிடம் இருக்கும். ஒரு வரி எழுதிப் போட்டால் நன்றியுடையவனாவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஹ. பெட்டிஃபர்